குளிப்பாட்டக் கூடாத முயல்

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த புதிதில் எனக்கு அந்த ஊரில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். கால்நடைப் பண்ணையில் மாடுகளுக்கு ஊசி போடும் வேலை. இன்னொருவர் வீட்டுக்காரம்மா. கணவர் அதிகம் பேசமாட்டார். வீட்டுக்காரம்மா நிறையப் பேசுவார், ஆனால் பாதி தெலுங்கில். நான் மத்தூர்ப் பக்கத்துப் பெண். தெலுங்கு காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது.

வீட்டுக்காரம்மா தனி ஆள். கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. வீட்டின் பின்பக்கத்து அறையையும் சமையல்கட்டையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சுத்தம் அவருக்கு உயிர். முற்றத்துக் கிணற்றடிக் கல்லைக்கூடத் தினமும் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பார்.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு சாயங்காலம் என் கணவர் சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நீளமுடி வைத்த ஒரு வெள்ளை முயல்.

"எங்க ஆபீசருக்கு மெட்ராசுக்கு மாத்தல் ஆயிருச்சு. அந்த வெயில் இதுக்கு ஆகாதுன்னு என்கிட்ட குடுத்துட்டாரு. பாவம், ரொம்ப நாளா யாரும் இதக் கவனிக்கல" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

வெள்ளை என்று சொன்னேனே தவிர, முயலின் பின்பக்க முடியெல்லாம் மஞ்சளாகிக் கட்டிகட்டியாகச் சிக்குப் பிடித்திருந்தது. நகங்கள் வளைந்து போயிருந்தன. பெட்டியின் அடியில் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்திருந்ததால் பின்னங்கால்களின் அடியில் முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. நாற்றமும் அடித்தது.

வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "உள்ள வச்சுக்கோங்க. என் வாசலுக்கோ முற்றத்துக்கோ வரக் கூடாது. நாத்தம் வந்துச்சோ, அதுவும் வெளிய, நீங்களும் வெளிய" என்று தமிழிலேயே தெளிவாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் அறைக்குள்ளேயே ஜன்னல் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கோணிப்பையை விரித்து உட்கார்ந்தார். "நீ புடிச்சுக்கிறியா?" என்று கேட்டார்.

"கடிக்குமாங்க?"

"கடிக்காது. பயந்தா உதைக்கும். அடியில ஒரு கையைக் குடுத்துத் தாங்கிக்க, பயப்படாது."

மடியில் வைத்துக்கொண்டேன். முயலின் இதயம் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. அவர் சின்னக் கத்தரிக்கோலால் சிக்கு முடியை ஒவ்வொரு கட்டியாக வெட்டி எடுத்தார். பிறகு நகங்களை நுனி மட்டும் நறுக்கினார். நான் என் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். சீப்பையும் என்னையும் பார்த்துவிட்டு, "அப்புறம் உனக்கு?" என்றார். "வேற வாங்கிக் குடுங்க" என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

கம்பிவலையைப் பிடுங்கிவிட்டுப் பலகை அடித்தோம். அதன்மேல் காய்ந்த கேழ்வரகுத் தாளைத் தடிமனாகப் பரப்பினோம். முயல் ஒரே மூலையில்தான் மூத்திரம் போகிறது என்று கவனித்து, அந்த மூலையில் உடைந்த சட்டியின் அடிப்பாகத்தை வைத்துச் சாம்பல் போட்டேன். தினமும் காலையில் அதைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டால் போதும், அறையில் வாடையே இல்லை. காலில் இருந்த சிவப்பும் மெல்ல ஆறியது.

ஆனால் அதற்கு ஓட இடமில்லை. எங்கள் அறையில் கட்டிலும் டிரங்குப் பெட்டியும் போக மிச்சமிருந்த இடத்தில் நாலு தத்துத் தத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். தீனி மட்டும் குறையவில்லை. உருண்டையாகக் கொழுத்தது. மார்கழி வந்தது. ஓசூர்க் குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தோம். முயலின் பின்பக்கம் மறுபடியும் அழுக்காகி, மறுபடியும் வாடை கிளம்பியது.

அந்தச் சமயம் கணவர் அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமங்களில் மாடுகளுக்கு ஊசி போடப் போயிருந்தார். நான் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். வாசலுக்கு வரும்போதே வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது.

"அய்யய்யோ, ரா அம்மா, சீக்கிரம் ரா!"

ஓடினேன். கிணற்றடியில் அவர் சொட்டச் சொட்ட நின்றிருந்தார். கையில் முயல், பிழிந்த துணியைப் போலத் தொங்கியது. பக்கத்தில் வெந்நீர் அண்டாவும் சீயக்காய்க் கிண்ணமும்.

"நாத்தம் தாங்கலம்மா. நல்லாத்தான் வெந்நீர்ல குளிப்பாட்டினேன். திடீர்னு தலையைத் தொங்கப் போட்டுருச்சு. செத்துருச்சா?"

மூக்கருகில் விரலை வைத்தேன். மூச்சு இருந்தது. காதுகள் சில்லென்று இருந்தன. என் பழம்புடவையைக் கிழித்துத் துவட்ட ஆரம்பித்தேன். அந்த முடியில் ஈரம் போவதாகவே தெரியவில்லை. வீட்டுக்காரம்மா உள்ளே ஓடினார். நான் அவர் சமையல்கட்டில் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. "இங்க கொண்டா, அடுப்பு எரியுது" என்று அவரே கூப்பிட்டார். தன் துணிப்பெட்டியைத் திறந்து நீலக் கம்பளிச் சால்வையை எடுத்து வந்தார். இறந்துபோன அவர் கணவர் பெங்களூரில் வாங்கித் தந்ததாம், ஒருநாளும் போர்த்திக்கொண்டதில்லையாம். அதில் முயலைச் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். நான் துணிகளை அடுப்புச் சூட்டில் காட்டிக் காட்டிக் கொடுத்தேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். சாமியைக் கூப்பிட்டாரா, முயலைக் கூப்பிட்டாரா தெரியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் சால்வைக்குள்ளிருந்து மூக்கு ஒன்று வெளியே வந்து அசைந்தது. வீட்டுக்காரம்மா அழுதுவிட்டார். முயல் அவர் மடியை நனைத்தது. அவர் நகரவில்லை.

கணவர் திரும்பி வந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்காரம்மாவே வந்து கதவருகில் நின்றார். "தம்பி, நான்தான் அதைத் தண்ணியில போட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

கணவர் முயலைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். "பொழச்சதே பெரிசும்மா. முயலைக் குளிப்பாட்டக் கூடாது. அதுவே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். ஆனா அதுக்கு உடம்பு வளையணும். இது கொழுத்துப் போயி, பின்னால திரும்பவே முடியல. அதான் இவ்வளவு நாத்தம்."

"அப்ப ஓட விட வேண்டியதுதானே?"

"எங்கம்மா விடறது?"

வீட்டுக்காரம்மா முற்றத்தைப் பார்த்தார்.

"இங்க விடலாம். ஆனா அந்த அரளியைக் கடிச்சா செத்துரும்" என்றார் கணவர், தயங்கித் தயங்கி. கிணற்றுக்குப் பக்கத்தில் செழிப்பாக நின்ற அந்தச் செவ்வரளியில்தான் வீட்டுக்காரம்மா தினமும் பூஜைக்குப் பூப்பறிப்பார். இதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் வீட்டுக்காரம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கடப்பாரையால் அரளியின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். கணவர் ஓடிப்போய்க் கடப்பாரையை வாங்கினார். வேரோடு எடுத்து, தெருப்பக்கம் வேலிக்கு வெளியே நட்டோம். உதிர்ந்த இலையெல்லாம் பொறுக்கினோம். முயல் வெளியே போய்விடாமல் தண்ணீர் போகிற ஓட்டையைக் கல் வைத்து அடைத்தோம்.

அன்று சாயங்காலம் முயலை முற்றத்தில் இறக்கிவிட்டேன். ரொம்ப நேரம் அசையவில்லை. காற்றை முகர்ந்தது. இரண்டடி தத்தியது, நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, கிணற்றைச் சுற்றி ஒரே ஓட்டம். நடுவில் ஆகாசத்தில் எம்பி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்கியது.

"என்னாச்சு, வலிப்பா?" என்று வீட்டுக்காரம்மா பதறினார்.

"இல்லம்மா, சந்தோசம்" என்றார் கணவர்.

அதிலிருந்து காலையும் மாலையும் முற்றம் அதனுடையது. பூனையும் பருந்தும் வராமல் வீட்டுக்காரம்மாவே விளக்குமாற்றோடு காவல் இருப்பார். தீனியில் அருகம்புல்லைக் கூட்டி மற்றதைக் குறைத்தோம். ஓடி ஓடி உடம்பு இறங்கியது. ஒருநாள் அது திரும்பி உட்கார்ந்து தன் பின்பக்கத்தைத் தானே நக்கிக்கொண்டதை நான்தான் முதலில் பார்த்தேன். கூச்சல் போட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டேன். சீவிவிடுவது மட்டும் எங்கள் வேலையாக இருந்தது. நான் பிடிக்கக் கணவர் சீவுவார், அவர் பிடிக்க நான் சீவுவேன். அந்த நேரத்தில்தான் நாங்கள் பேசிப் பழகினோம்.

கணவருக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றலானபோது வீட்டுக்காரம்மா கேட்டார், "அங்க வெயில் ஜாஸ்தியாச்சே. இது தாங்குமா?" என்ன கேட்கிறார் என்று புரிந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் சரியென்று தலையாட்டினேன். முயல் அவரிடமே இருந்துவிட்டது.

பிறகு ஒருமுறை கைக்குழந்தையோடு நாங்கள் பஸ் ஏறி ஓசூருக்குப் போனபோது முற்றத்தில் இரண்டு முயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இன்னொன்றை வீட்டுக்காரம்மா ஆள் சொல்லிப் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார். "தனியா ஓடறதுக்கு அதுக்கு அலுத்துப் போச்சு" என்றார். கணவர் வழக்கம்போல முதல் வேலையாக இரண்டையும் தூக்கிக் காலடியைப் பார்த்தார். புண்ணும் இல்லை, அழுக்கும் இல்லை.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

"வேற எப்பிடி வைப்பேன்?" என்று சொல்லிவிட்டு, குழந்தையை என் கையிலிருந்து வாங்கி முயல்களுக்குக் காட்டப் போனார்.