புள்ளைக்கு ஒரு மெத்தை

1. பூ மாதிரி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவில் குஷன் வேலை பார்த்தே என் விரல்கள் மடங்காமல் போய்விட்டன. முச்சக்கரவண்டி சீட், மண்டபத்து நாற்காலி, ஹோட்டல் சோபா, கைக்குழந்தைகளின் மெத்தை என்று என் ஊசி படாத சாமான் குறைவு. இப்போது வேலையை விட்டாயிற்று. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அனுபவம் சொல்லச் சொல்கிறார்கள். சிரிக்கிற மாதிரி நாலு கதை என்னிடமும் உண்டு. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் முதலில் மாரியாயிதான் வந்து நிற்கிறாள்.

அன்றைக்கு நல்ல மழை. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள் அவள். ஐம்பதைத் தாண்டிய வயது. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக்கூட அவிழ்க்காமல் பஸ் ஏறி வந்திருந்தாள். அந்தப் பிளாஸ்டிக் சாக்கிலிருந்து கடை வாசலில் தண்ணீர் சொட்டியது. உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

“புள்ளைக்கு ஒரு மெத்த வேணுண்ணே. முதுகு நோவு. ராத்திரியெல்லாம் அழுவுது” என்றாள்.

அளவு கேட்டேன். இரண்டு கைகளையும் ஒன்றரை முழத்துக்கு விரித்துக் காட்டினாள். கைக்குழந்தையா என்று கேட்டதற்கு, வளர்ந்த பிள்ளைதான் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு சின்ன உடம்பில் வளர்ந்த பிள்ளை என்றால் எழுந்து நடக்காத பிள்ளை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படிப் பிறந்த பிள்ளைகளை, லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே வைத்து வளர்க்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டு அவளை நோகடிக்க மனம் வரவில்லை.

எங்கள் தொழிலில் பிள்ளை மெத்தை என்றால் இலவம் பஞ்சுதான். பூ மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். நான் வழக்கமாகப் போடுவதை விட இன்னும் இரண்டு பிடி அதிகமாகவே போட்டு, மஞ்சள் பூப்போட்ட துணியில் தைத்துக் கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். நல்ல காரியம் செய்தோம் என்று அன்று முழுக்க எனக்கு ஒரு திருப்தி.

2. கூடைக்குள்ளே

அடுத்த வாரமே மெத்தை திரும்பி வந்தது. பஞ்சு ஒரு பக்கம் கட்டியாகத் திரண்டு, நடுவில் வெறும் துணியாகக் கிடந்தது. மூத்திர வாடை வேறு. மாரியாயியின் இடுப்பில் ஒரு கொழுந்துக் கூடை இருந்தது. அதன் வாயைப் படங்கால் மூடியிருந்தாள்.

“தப்பா நெனக்காதீங்கண்ணே” என்று படங்கை விலக்கினாள்.

உள்ளே ஒரு நாய். கட்டைக் கால், நீள உடம்பு, மூக்கைச் சுற்றி நரைத்த முடி. தோட்டத்து மேலாளர் துரையின் பங்களாவில் வளர்க்கிற குட்டை நாய் லயத்துப் பக்கம் வந்து போனதில் பிறந்த வம்சம். பெயர் ரோசி. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று கூடையில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். தரையில் இறக்கி விட்டாள். முன்னங்கால் நடந்தது. பின்னங்கால் இரண்டும் கூடவே இழுபட்டு வந்தன.

கடை முதலாளி மேசையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நுவரெலியா ஹோட்டல்காரன் நாய்க்கு மெத்தை கேட்கிறான் என்றால் சரி, தோட்டத்திலுமா என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரைக் குறை சொல்லி என்ன, அவள் முதல் நாளே நாய் என்று சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

“இதுக்குத்தாண்ணே புள்ளைன்னு சொன்னேன். எங்க லயத்துல மனுசனுக்கே மெத்த கெடயாது. நாய்க்குன்னு எப்படி வாயத் தொறந்து கேக்குறது?”

ரோசியைக் குட்டியாகக் கொண்டுவந்தது அவளுடைய மகள். அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதலில் வாரா வாரம் போன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஏஜென்சிக்காரனைக் கேட்டால், வீடு மாறிப் போயிருப்பாள் என்று சொல்கிறானாம். மாரியாயியின் புருஷன் இறந்து பல வருஷம். காம்பராவில் இவளும் நாயும்தான்.

இப்போது வந்திருக்கிற பிரச்சினை பக்கத்துக் காம்பரா. பழைய லயம், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே இருக்கிறவன் ஃபெக்டரியில் வேலை செய்கிறவன். நாய் இரவெல்லாம் முனகுவதால் அவனுக்குத் தூக்கம் இல்லை. சாக்கில் கட்டித் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டானாம். அவன் கெட்டவன் இல்லை, தூக்கம் கெட்டால் மெஷினில் கை போகும் என்று அவனுக்காகவும் மாரியாயியே பேசினாள். நாய் முனகாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாய் இருக்காது.

3. பட்டறையில் செய்தது

இனி வருவது தொழில் விஷயம். குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நாயை நிற்க வைத்து அளக்கக் கூடாது. அது தூங்கிய பிறகு அளக்க வேண்டும். ரோசி என் பட்டறையில், வெட்டிப்போட்ட ரெக்சின் துண்டுகளின் மேல் தூங்கிப்போனது. சுருண்டு படுத்து, கொஞ்ச நேரத்தில் வலி தாங்காமல் நீண்டது. நீண்டு கிடக்கும்போது மூக்கிலிருந்து வால் அடி வரை எடுத்து, அதற்கு மேல் ஒரு சாண் விட்டேன்.

இலவம் பஞ்சு ஏன் தோற்றது என்றும் அப்போதுதான் புரிந்தது. முதுகு போன பிராணி பூ மாதிரி மெத்தையில் புதைந்துவிடுகிறது. புரண்டு படுக்க இடுப்பில் பலம் வேண்டும், அது இல்லை. புதைந்த இடத்திலேயே மூத்திரம் போய், ஈரத்திலேயே கிடந்து முனகியிருக்கிறது. நான் பாசமாக அள்ளிப்போட்ட இரண்டு பிடி பஞ்சும் சேர்ந்துதான் அதைப் புதைத்திருக்கிறது.

இந்த முறை அடியில் ஒரு பலகை வைத்து, தேங்காய்த் தும்பு ஷீட் போட்டேன். அதன் மேல் கட்டியான ஸ்பொஞ், முச்சக்கரவண்டி டிரைவர் சீட்டுக்குப் போடுகிற டென்சிட்டி. முஷ்டியை வைத்து அழுத்தினால் அடிப்பலகை தட்டக் கூடாது, அதுதான் கணக்கு. மேலே விரல் பருமனுக்கு மட்டும் மெதுவான ஸ்பொஞ். மூன்று பக்கம் உயர்த்தி, தலை சாய்க்க ஓரத்தில் உருட்டு வைத்தேன். முன்பக்கம் உயரமே இல்லை, இழுபட்டு ஏற வேண்டுமே. உறைக்கு ஜிப் வைத்தேன், கழற்றித் துவைக்கலாம். சிமெந்துத் தரையின் குளிர் ஏறாமல் கீழே நாலு கட்டை அடித்தேன்.

ஈரம் உள்ளே இறங்காமலிருக்க ரெக்சின் வெட்டப் போனேன். மாரியாயி வேண்டாம் என்று தன் பழைய படங்கை நீட்டினாள். மழையில் அவளைக் காப்பாற்றிய சாக்குத்தானே, தாங்கும். ஸ்பொஞ்சைச் சுற்றி அதை வைத்தே தைத்தேன். பட்டறையிலேயே படுக்க வைத்துப் பார்த்தோம். ரோசி முகர்ந்தது, ஏறியது, உருட்டில் தாடையை வைத்தது. முனகல் இல்லை. மாரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

4. திரும்பி வந்த படுக்கை

அடுத்த மழைக்காலம் வரைக்கும் அவள் கடைப் பக்கம் வரவில்லை. வராவிட்டால் வேலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வந்தாள். படுக்கை தலையில் இருந்தது. துவைத்துக் காயவைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தாள்.

“ரோசி போயிருச்சுண்ணே. முனகவே இல்ல, தூக்கத்துலயே போயிருச்சு. இத வச்சுக்கங்க, வேற யாராவது நாய்க்கு ஆவும்.”

பக்கத்துக் காம்பராக்காரன்தான் குழி வெட்டிக் கொடுத்தானாம். இப்போது அவன் நன்றாகத் தூங்குகிறானாம். தனக்குத்தான் பக்கத்தில் மூச்சுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றாள்.

பழக்கதோஷம், ஸ்பொஞ் தாங்கியிருக்கிறதா என்று பார்க்க ஜிப்பைத் திறந்து படங்கு உறையைப் பிரித்தேன். ஸ்பொஞ் பொய் சொல்லாது. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இருந்தது என்பதைக் காட்டிவிடும். நடுவில் நீளமாக ஒரு மேலோட்டமான பள்ளம், அது ரோசி. ஆனால் திறந்த முன்பக்க ஓரத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. வட்டமாக, ஆழமாக. நாய்க்கு அங்கே என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. அவளிடம் காட்டினேன்.

“அது என் தல. மூச்சு விடுதான்னு கேக்க வேணாமாண்ணே?”

“அப்ப நீ எதுல படுத்த?”

“தரையிலதான். நமக்கு எப்பவும் தரதானே.”

நாய்க்குக் குளிர் ஏறாமலிருக்க நான் கட்டை அடித்த அதே சிமெந்துத் தரை. அவளுக்கு ஒரு மெத்தை தைத்துத் தருகிறேன், சும்மா வாங்கிக்கொள் என்றேன். அவள் சிரித்தாள். மெத்தையில் படுத்து என்ன செய்ய என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். பஸ் போய்விடும் என்று இறங்கிப் போனாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. லயம் மாறிவிட்டாள் என்று ஒருவரும், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று ஒருவரும் சொன்னார்கள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படுக்கைக்கு ஆர்டர் எடுக்கும்போது படுக்கிறவரின் அளவை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்டால் மட்டும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. இருந்தாலும் கேளுங்கள்.

படுக்கையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நல்ல ஸ்பொஞ் பாரம் எடுத்தால் மெதுவாக மேலே எழும்பும். நடுவில் இருந்த ரோசியின் பள்ளம் சில நாளிலேயே எழும்பிச் சமமாகிவிட்டது. ஓரத்தில் இருந்தது இன்னும் அப்படியே இருக்கிறது.