நீங்கள் அடித்த நான்கு புள்ளிகள்

என் வரைபடத்தில் நான்கு புள்ளிகளைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டது நீங்கள்தான் சார். அவற்றை அளந்த படத் தகடுகளைப் பார்க்காமலே அடித்தீர்கள்.

மதராஸோடு இருந்த எல்லைத் தகராறு முடிந்து எங்கள் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட மறு வருஷம் அது. திருப்பதியில் உங்களிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அசிட்டோன் ஆவியில் பளிச்சென்று ஒளி பாய்ச்சினால் மெத்தில் என்ற துண்டு உடைந்து வரும். அது ஆக்சிஜனோடு எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று அளப்பது என் வேலை. கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். படத் தகட்டில் அதன் நிழல் எப்படி மங்குகிறது என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

மற்றவர்கள் ரேணிகுண்டா பட்டறையின் வெல்டிங் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் பிடித்துவந்தார்கள். அது சுத்தமில்லை என்று நான் பெர்மாங்கனேட்டைச் சூடாக்கி நானே தயாரித்தேன். வெயில் ஏறினால் கண்ணாடித் திருகுகளில் பூசிய கிரீஸ் இளகும். அதனால் விடிந்ததும் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுவேன்.

ஆக்சிஜனை அதே அளவில் வைத்து, அதோடு கலந்திருந்த நைட்ரஜனை மட்டும் குறைத்தேன். நைட்ரஜன் இதில் எதோடும் சேராது. ஆனாலும் வேகம் இறங்கியது. நான்கு முறையும்.

கருத்தரங்கில் அதைச் சொன்னபோது சிரித்தீர்கள்.

"கிரீஸ் உருகி ஒழுகியிருக்கும்மா. உங்க ஊரு எந்தப் பக்கம்னு கவர்மெண்டே இப்பத்தான் முடிவு பண்ணுச்சு. நீ அதுக்குள்ள முடிவு சொல்ல வந்துட்ட."

"ஒழுகினா வெளிக்காத்து உள்ள வரும் சார். ஆக்சிஜன் ஜாஸ்தியாவும், வேகம் ஏறணும். எனக்கு எறங்கிக்கினு இருக்குது."

"பேசக் கத்துக்கினு இருக்கற. அளக்கவும் கத்துக்கோ."

கூடமே சிரித்தது. நான் உட்காரவில்லை.

"குழாயை மூடி ரெண்டு நாளாச்சு. அழுத்தம் காட்டற பாதரசம் அசையல. வந்து பாருங்க சார்."

நீங்கள் வரவில்லை. நீங்கள் அடித்த அந்தப் புள்ளிகள் இல்லாமலே என் ஆய்வேடு போனது.

மெத்திலும் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு சூட்டோடு பிறக்கிறது. வேறொன்று வந்து மோதி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளாவிட்டால் திரும்ப உடைந்துவிடும். அந்தச் சூட்டை வாங்கியது நைட்ரஜன்தான்; அது குறைந்ததால் வேகம் இறங்கியது. புத்தூர் ரயிலில் நின்றுகொண்டே போகையில் இதை யோசித்துக் கண்டுபிடித்தேன். பிறகு வெளிநாட்டு இதழ்களில், என் புள்ளிகள் காட்டிய அதே வளைவைப் பார்த்தேன். அந்த ஆய்வுக்கூடத்தில் என்னைவிடச் சுத்தமாக எவரும் அளந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இப்போது நீங்களும் அந்த வளைவைக் கரும்பலகையில் வரைகிறீர்களாம். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அதே கூடத்தில், எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்: அந்த நான்கும் சரியா, தப்பா?