எலும்பு இரும்பாகும் என்று சொன்னவள்

வேலிக்கு வெளியே நின்று கோகிலவாணி மூன்று தரம் கூப்பிடுகிறாள். முதல் தரம் மெதுவாக. இரண்டாவது சற்று உரக்க. மூன்றாவதற்கு முன் ஒரு மூச்சு விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் முழுப் பேரையும் சொல்லி. அதற்கப்புறம்தான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். அதுவரை மேல்வளவு என்ற அந்த மலையூரில் யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிய காலையில் தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது மனுஷர்தானா என்பது மூன்றாவது தரத்தில்தான் உறுதியாகும். மற்றது எதுவானாலும் இரண்டோடு நின்றுவிடும் என்பது அங்கே எல்லோரும் அறிந்தது.

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் ரோடு முடிகிற இடத்திலிருந்து மேல்வளவுக்கு ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். தோளில் ஒரு நீல ரெக்சின் பை. அதற்குள் ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. இடுப்பில் உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய சிறு துணிமுடிச்சு, அட்டைப் பூச்சிக்கு. ஐந்து வருஷமாகச் சுகாதாரத் தன்னார்வலர் வேலை. வயது நாற்பத்தெட்டு. புருஷன் சென்றாயன் மரவள்ளியும் மிளகும் பார்க்கிறான். ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மாத்திரைக்காரி என்றால்தான் தெரியும்.

அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேலைக் கரையைப் பார்ப்பாள். போன வருஷம் கணுக்காலில் நின்ற கரை இந்த வருஷம் மண்ணில் புரளுகிறதா என்று. மேல்வளவில் ஐம்பது தாண்டிய பெண்கள் குள்ளமாகிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்தே குறைந்ததால் யாரும் கவனிக்கவில்லை. உறிகளைக் கீழே இறக்கிக் கட்டினார்கள், சேலையை மேலே ஏற்றிச் செருகினார்கள், அவ்வளவுதான். அவள் மட்டும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி அளந்து எழுதி வைத்தாள். மூன்று வருஷத்தில் ஆயம்மாள் என்ற பெரியவள் இரண்டு விரற்கடை குறைந்திருந்தாள்.

"மண்ணு கீழ இழுக்குது கண்ணு. வா வான்னு கூப்பிடுது," என்று ஆயம்மாள் சிரித்தாள். அறுபத்தாறு வயது, பல் வரிசை அப்படியே இருந்தது. கோகிலவாணிக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி இறங்குகிற வழியெல்லாம் காலடியில் மண்ணை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். நீளவாட்டில் வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி போல இருக்கும் கால்சியம் மாத்திரை. "தெனமும் ஒண்ணு முழுங்குங்க. எலும்பு இரும்பாயிரும்." பயிற்சியில் யாரும் இரும்பு என்று சொல்லவில்லை. அது அவளே சேர்த்துக்கொண்டது. சொல்லும்போது கைமுட்டியால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டலுக்காகவே பலபேர் முழுங்கினார்கள். அவளும் முழுங்கினாள். முப்பத்து மூன்று வயதில் கர்ப்பப்பையை எடுத்த நாளிலிருந்து அவளுக்கு முதுகில் ஒரு வலி உண்டு. ஆயம்மாள் இன்னும் ஒருபடி மேலே போய், கேட்டு வாங்கி இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டாள். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. எட்டு மணி ஆகியும் மஞ்சு கலையவில்லை. பலாமரத்தடி வரை ஏறி வந்தபோது, இருபது அடி தள்ளி ஆயம்மாளின் முதுகு தெரிந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆளைத்தான் கண்ணால் பார்த்துவிட்டோமே என்று கோகிலவாணி ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள்.

"ஆயம்மாத்தே!"

ஆயம்மாளும் என்றைக்குமில்லாமல் முதல் குரலுக்கே திரும்பினாள். கால் நகரவில்லை, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பியது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகு மிளாரை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். கோகிலவாணி பலாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளை எதுவும் விழவில்லை. மறுபடி எதிரே பார்த்தபோது ஆயம்மாள் நின்றுகொண்டுதான் இருந்தாள். முகத்தில் வலி இல்லை, யாரோ காதில் எதையோ சொன்னதுபோல ஒரு கவனம் மட்டும். பிறகு கையை ஊன்றாமல், தடுமாறாமல், நின்ற இடத்திலேயே கீழே இறங்கினாள். குடம் அதற்கப்புறம்தான் உருண்டது.

நான்குபேர் கம்பளியில் தூளி கட்டி ரோடு வரை தூக்கினார்கள். அங்கிருந்து நூற்றெட்டு வண்டி. கொல்லிமலை இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஆயம்மாளின் தொடை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயிற்று. பாதி வளைவு தாண்டியதும் கத்துவதை நிறுத்திவிட்டாள். கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"உழுந்து ஒடியலை கண்ணு. ஒடிஞ்சுதான் உழுந்தேன்."

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சங்கீதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினாள். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற கழுத்தில் உடைந்திருந்தது. அதைவிட, உடையாத பாகம்தான் கோகிலவாணியைப் பயமுறுத்தியது. எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் புகை இருந்தது. வெளுத்து, பின்னால் இருக்கிற விளக்கு தெரிகிற மாதிரி.

"மூணு வருசமா கால்சியம் மாத்திரை போடுதுங்க மேடம். நாந்தான் குடுக்கறேன். ரெண்டு ரெண்டாப் போடும்."

"ரெண்டெல்லாம் வேண்டாம்மா, கிட்னில கல்லு வந்துரும். எலும்புக்குச் சோதனை ஏதாவது பண்ணிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"வேற மருந்து?"

"இல்லீங்க. இதேதான். இதைப் போட்டா..." கோகிலவாணியால் இரும்பு என்ற வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "கால்சியம் வேணும். சாப்பாட்டுல பத்தலேன்னா மாத்திரையா எடுக்கலாம், தப்பில்ல. ஆனா எலும்பு இவ்வளவு கரைஞ்சவங்களுக்கு அது மட்டும் ஒடியறதை நிறுத்தாது. கரையறதை நிறுத்தற மருந்து தனியா இருக்கு. அதோட சேத்துத்தான் இது." பிறகு கேட்டாள்: "இந்தம்மாவுக்கு எத்தனை வயசுல தீட்டு நின்னுச்சு?"

"முப்பத்தொண்ணுல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. எங்க பக்கம் நெறையப் பேருக்கு அப்படித்தானுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "சின்ன வயசுலயே தீட்டு நின்னா எலும்பு சீக்கிரம் கரையும். உங்களுக்கு?"

கோகிலவாணி எக்ஸ்ரேயைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆயம்மாளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. மகள் கவிதா துணைக்கு இருந்தாள். கோகிலவாணி நான்காம் நாள் மலையேறி, ஆறாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு மேல்வளவுக்குப் போனாள். முதல் வீட்டு வேலிக்கு வெளியே நின்று மூன்று தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. உள்ளே அடுப்புப் புகை மேலே வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் மூன்று தரம். அங்கே ஒரு தட்டு கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. இருபத்து மூன்று வீடுகள். கோழிகள் மட்டும் திரும்பிப் பார்த்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசி வீட்டைத் தாண்டும்போது அவளுடைய சொந்தக் குரலே எதிர் மலையிலிருந்து திரும்பி வந்தது. அவள் முதன்முறையாக அதைக் கேட்டுப் பயந்தாள்.

விஷயம் அவள் காதுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. மலையில் எதுவோ மாத்திரைக்காரியின் குரலை எடுத்துக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு தரம் கூப்பிட்டு ஆயம்மாளின் எலும்பை ஒடித்தது அதுதான். இனி மூன்று தரம் கூப்பிட்டாலும் நம்புவதற்கில்லை. அவள் நீட்டுகிற மாத்திரை எதையும் தொடுவதற்கில்லை. அழுத்தத்துக்குப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

சென்றாயன் மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "உட்டுடு. கூப்பிட்டது நீ இல்லைன்னு ஊரே சொல்லுது. உனக்கு நல்லதுதானே? நாளைக்கு ஒரு கோழி அறுத்து வேண்டிக்கிட்டா சரியாப் போயிரும்."

அது எவ்வளவு எளிது என்பது அவளுக்கும் தெரிந்தது. கோழி அறுத்தால் குரல் திரும்பிவிடும். அவள் சொன்ன இரும்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கரை மண்ணில் புரளுகிற சேலைகள் அப்படியே இருக்கும். அடுத்த சத்தம் எந்த வாசலில் கேட்கும் என்று நினைத்தாள். நினைத்த நாளிலிருந்து விறகு ஒடிப்பதை விட்டுவிட்டாள். முழுசாகவே அடுப்பில் வைத்தாள்.

அதற்குள் மேல்வளவில் சுப்பையன் என்ற பெரியவர், அழுத்த மாத்திரையை நிறுத்திய பத்தாம் நாள், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் வாய் கோணிச் சாய்ந்தார். உயிர் தப்பியது, வலது கை விழுந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கோகிலவாணி சாப்பிடவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஆயம்மாளைத் தூளியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்க்க ஊரே வாசலில் கூடியிருந்தது. கோகிலவாணியும் கூடவே வந்திருந்தாள். அவள் நின்ற பக்கம் மட்டும் இடம் காலியாக இருந்தது. அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குக் கூப்பிட்டது நாந்தானுங்க. வேற எதுவும் இல்லை. என் வாயால, ஒரு தரம்தான் கூப்பிட்டேன்."

அவள் ஆயம்மாள் பக்கம் கை காட்டினாள்.

"அத்தையோட எலும்பு அதுக்கு முன்னாலயே உளுத்துப் போயிருந்துச்சு. கூப்பிடாட்டியும் ஒடிஞ்சிருக்கும். ஆனா எலும்பு இரும்பாயிரும்னு சொன்னேனே, அது தப்பு. எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரலை. நானாச் சொன்னேன்."

கூட்டத்திலிருந்து ராஜேஸ்வரி என்ற பெண், ஆயம்மாளின் நாத்தனார், கேட்டாள்: "அப்ப மூணு வருசம் முழுங்கினது வீணா?"

"வீணில்லீங்க. அதுவும் வேணும். அது மட்டும் பத்தாது. யாருக்கு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாக்கோணும். பாத்துட்டு அதுக்கு வேற மாத்திரை போடோணும்."

"நீ சொல்றதை எப்படி நம்பறது?"

சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்த ஆயம்மாள்தான் வாயைத் திறந்தாள். "அது அவ கொரல்தான். எனக்குத் தெரியாதா? என் பின்னால நின்னுல்ல கூப்பிட்டா, திரும்பி மொகத்தையும் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஒடிஞ்சது உள்ளுக்குள்ள எப்படிக் கேக்கும்னு நான் கேட்டிருக்கேன். நீங்க யாரும் கேக்க வேண்டாம். போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள்.

முதலில் ராஜேஸ்வரிதான் கிளம்பினாள். தை மாதத்தில் இரண்டு ஜீப்பில் பதினான்கு பெண்கள் கீழே போனார்கள். ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, மேலே ஒரு கை நகர்ந்து போகிற மிஷினில் எலும்பை அளந்தார்கள். ஆறுபேருக்கு மோசம் என்று வந்தது. அதே மாதிரி மோசம் என்று வந்த ஏழாவது தாளில் கோகிலவாணியின் பேர் இருந்தது. பதினான்கு பேரை அழைத்துப் போனவளை டாக்டர் பதினைந்தாவதாகப் படுக்கவைத்திருந்தாள். முதுகெலும்பில் ஒரு கண்ணி ஏற்கெனவே நசுங்கியிருந்தது. எப்போது நசுங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தாளை அவள் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். சென்றாயனிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

புது மாத்திரை வாரத்துக்கு ஒன்று. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் முழுங்க வேண்டும். முழுங்கியபின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கவோ குனியவோ கூடாது, தொண்டைக்கு ஆகாது. காபியும் கூடாது. கால்சியம் அதே மாதிரி தினமும், ஒன்றே ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. தனியாக இதைச் செய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லோரும் ஆயம்மாள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒருமுறை ஜீப் டிரைவர் முரளி மிளகு மூட்டை கேட்க அந்தப் பக்கம் ஏறி வந்தான். மஞ்சுக்குள்ளே சுவரோரமாக எட்டுப் பெண்கள் வரிசையாக, விறைப்பாக, ஒருவரையொருவர் பார்க்காமல், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கண்களும் எதிரே ஒரே இடத்தில் இருந்தன. அவன் "ஏனுங்க" என்றான். எட்டில் ஒரு தலையும் திரும்பவில்லை. அவன் வந்த வழியே பின்னால் பின்னாலேயே நடந்து இறங்கிப் போனான். மறுநாள் சந்தையில் அதைச் சொல்லும்போதும் அவன் கை மயிர் குத்திட்டு நின்றதாம். கோகிலவாணியிடம் கேட்டால், "பேசினா அசைஞ்சிருவோம்னு பயமுங்க, அவ்வளவுதான்," என்கிறாள்.

இந்த ஞாயிறு ஆயம்மாளுக்குக் கண் சொக்கியது. இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. தலை முன்னால் தொங்கி, உடம்பு மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி தன் முதுகை அசைக்காமல் இடது கையை மட்டும் நீட்டி, உள்ளங்கையை ஆயம்மாளின் விலாவுக்கு அருகே கொண்டுபோனாள். ஒரு விரல் இடைவெளியில் கை நின்றது. தொட்டால் விலா ஒடியுமோ என்று தொடவில்லை. அரை மணி முடிகிறவரை அப்படியே வைத்திருந்தாள்.