பட்டியலில் இல்லாத கீறல்

இதை எழுதுபவன் வீட்டின் முதல் பட்டதாரி என்ற மிடுக்கோடு பெருங்களத்தூர் டேட்டா என்ட்ரி கம்பெனியில் சேர்ந்த அன்று, பக்கத்து சீட்டிலிருந்த பியூலா தலைநிமிராமலே கேட்டார்: "கண்ணாடி போடலயா? ஆறு மாசத்துல போட்டுடுவீங்க."

வேலை அப்படி. நாலாயிரம் வருஷத்துக் களிமண் பலகைகளைப் படமெடுத்து வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள். பலகை முழுக்கக் கோழி கிளறியதுபோல் ஆப்பெழுத்துகள், ஈரக் களிமண்ணில் குச்சியால் ஆப்பு ஆப்பாகக் குத்தியவை. ஒவ்வோர் எழுத்துக்கும், உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் ஓர் எண் உண்டு. பார்த்துத் தட்ட வேண்டும். ஒரே பலகையை இருவர் தனித்தனியே தட்டுவார்கள். ஒத்துப்போனால் பச்சை. அதுதான் சரி. இல்லையென்றால் சிவப்பு.

ஒன்பது வருஷமாகப் பியூலாவுக்குச் சிவப்பு அபூர்வம். அப்போதுதான் ஒரு பலகையில் அந்த எழுத்து வந்தது. படுத்த ஆப்பு மூன்று, நின்ற ஆப்பு ஒன்று, உள்ளே பொடிக் கீறல். பட்டியலில் அது இல்லை. பியூலா 'எண் இல்லை' என்று குறித்தார். ஜோடியான அக்தர், கீறல் இல்லாத எழுத்தின் எண்ணைப் போட்டான். சிவப்பு.

"ஒரு கீறலுக்குப் போய் பேஜார் பண்றியேக்கா. எழுதினவன் வந்து கேஸா போடப்போறான்?"

"அவன் கீறியிருக்கான்டா. இல்லேன்னு நான் எப்பிடிப் போடுவேன்?"

அது வந்த நாற்பத்தோரு இடங்களையும் நோட்டில் குறித்து, சூப்பர்வைசர் மோகன்ராஜிடம் நீட்டினார்.

"இத அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு அனுப்புங்க சார். புது எண் வாங்கிடலாம்."

"மேடம், டைப் பண்ணச் சொன்னாங்க. ஆராய்ச்சி பண்ணச் சொல்லல. இன்னும் மூணு சிவப்பு வந்தா உங்களத் தூக்கிடுவாங்க."

வீட்டில் பியூலாவின் கணவர் அசரியா பக்கவாதத்தில் கிடந்தார். மறுநாள் பியூலா அக்தரின் எண்ணையே தட்டினார். பச்சை. அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

பச்சை வந்ததையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அதுவே பலகைகளை வாசித்தது. சோதனை நாளில் பியூலா அந்த எழுத்தைத்தான் தேடினார். கம்ப்யூட்டர் தயங்காமல் அக்தரின் எண்ணைப் போட்டிருந்தது.

"தப்பு சார் இது!"

மோகன்ராஜ் திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே இருநூறு இடத்துல இதத்தான போட்டிருக்கீங்க?"

மாதக் கடைசியில், இனி கம்ப்யூட்டரே போதுமென்று எல்லோரையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக் காகிதம் வெளியே போகக்கூடாதென்று பியூலாவின் நோட்டையும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

பியூலா இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறார். அந்த எழுத்துக்கு இன்னும் எண் இல்லை.