கரி பஸ்ஸில் ஓர் இணைச்சீர்ப் பயணம்

சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போகிற சாலையில் முதல் முப்பத்துச் சொச்சம் மைலைத்தான் நான் கடந்தேன். அதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது. போன தை மாதம் நாமக்கல்லில் என் தம்பிக்குக் கல்யாணம். அன்று விளக்கு வைத்ததும் இணைச்சீர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அருகில் நின்று அந்தச் சீரைச் செய்தால்தான் கல்யாணம். அவனுக்கு நான் ஒரே அக்கா. நான் போய்ச் சேராவிட்டால் சித்தப்பா மகளை நிறுத்திவிடுவார்கள். நினைத்தாலே வயிறு எரிந்தது.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் எனக்கு அரை நாள்தான் லீவு கிடைத்தது. வீட்டுக்காரர் பிள்ளைகளோடு முந்தின நாளே போய்விட்டார். செவ்வாய்ப்பேட்டையில் பூ வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினான்கு அணா. யுத்தத்தில் பெட்ரோல் அருகிப்போனதால் இப்போது கரி பஸ்தான். பின்னால் ஓர் இரும்பு உலை. அதில் கரி கனன்று வாயு கிளம்பினால்தான் எஞ்சின் ஓடும். மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். ராசிபுரத்தில் சாம்பல் தட்டுவதற்கே ஒரு மணி நேரம்.

டிரைவரிடம் நாலு தடவை போய் நின்றேன். "கரி புடிச்சாத்தானுங்க அம்மிணி வண்டி நவுரும்" என்றார். முன் சீட்டில் தலைப்பாகைக்காரர் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேட்டில் மட்டும் எழுந்து நடந்தார். மறுபடி ஏறித் தூங்கினார். ஊரே பற்றி எரிந்தாலும் இவருக்கு உறைக்காது என்று பொருமினேன்.

நாமக்கல்லில் இறங்கியபோது கடைகளில் விளக்கு எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நின்ற ஒரே குதிரை வண்டியில் தலைப்பாகைக்காரரும் ஏறினார். சீர் முடிந்திருக்கும், சீக்கிரம் ஓட்டுங்கள் என்று வண்டிக்காரரை விரட்டினேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று தலைப்பாகைக்காரர் விசாரித்தார். சொன்னேன்.

"பொறவு ஏனுங்க அம்மிணி பறக்கறீங்க? அந்தக் கல்யாணத்துக்கு நாந்தானுங்க அருமைக்காரன்."

சீர்களை முன்னின்று நடத்துகிறவர் அருமைக்காரர். அவர் வராமல் ஒன்றும் தொடங்காது. எனக்குச் சிரிப்பதா அவரை நாலு கேள்வி கேட்பதா என்று தெரியவில்லை. வாசலில் சித்தப்பா மகள் சீர்க் கூடையோடு தயாராக நின்றாள். என்னைக் கண்டதும் கூடையை என் கையில் திணித்தாள். எங்கே தன்னை நிறுத்திவிடுவார்களோ என்று இவ்வளவு நேரமும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இந்தச் சாலையில் போகிறவர்கள் காலை முதல் பஸ்ஸையே பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் எங்கே போகிறார் என்று ஏறியதுமே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ராசிபுரத்தில் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடித்திருப்பேன். ஓர் ஈரத்துண்டும் வேண்டும். நான் கொண்டுபோகவில்லை. இணைச்சீருக்கு நின்றபோது என் கன்னத்துக் கரியைத் தம்பிதான் தன் கல்யாணத் துண்டால் துடைத்துவிட்டான்.