ஹெர்பர்ட் பேத்திக்கு இருவாச்சி காட்டப் போகிறார்

லிங்கராஜபுரம் ஹெர்பர்ட் கல்யாண பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவர். வீட்டுக்குள் பேசினாலும் தெருக்கோடிவரை கேட்கும். அப்படிப்பட்டவர், தாத்தாவான நான்காம் மாதம், குடும்பத்தோடு ஆகும்பே காட்டுக்குப் போய்ப் பறவை பார்ப்பது என்று முடிவு கட்டினார்.

காரணம் பேத்தி. ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் அந்தப் பிஞ்சு கண்கொட்டாமல் பார்த்தாள்.

"காக்காவையே இப்பிடிப் பாக்குறாளே, இருவாச்சியப் பாத்தா இன்னா பண்ணுவா?" என்று பேண்ட் ஆட்களிடம் எல்லாம் கேட்டார். இருவாச்சியை அவரும் பார்த்ததில்லை. போனில் பார்த்திருந்தார். மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்த பறவை. மாசக் கடைசியில் மகள் ஹெலன் குழந்தையோடு ஹூப்ளிக்கு, புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் காட்டிவிட வேண்டும்.

காட்டோரம் தங்க இடம் கொடுத்துப் பறவை காட்டுகிற கோவிந்தப்பா போனிலேயே ரகசியக் குரலில்தான் பேசினார். சத்தம் கூடாது, பளிச்சென்ற துணி கூடாது, சென்ட் கூடாது. ஹெர்பர்ட் எல்லாவற்றுக்கும் "ஆய்த்து, ஆய்த்து" என்று கன்னடத்தில் சரி சொல்லிக் கத்தினார்.

அன்றைக்கே வீட்டில் பயிற்சி ஆரம்பம். அவருக்கு இலைப்பச்சையில் ஒரு சட்டை, மனைவி தமயந்திக்கு அதே நிறத்தில் ஒரு நைட்டி வந்தது.

"இதப் போட்டுக்கினு மார்க்கெட் போனா, கொத்தமல்லியோட என்னையும் கட்டு கட்டி வித்துடுவான்" என்றாள் தமயந்தி.

ஹெலன்தான் மசியவில்லை.

"நீயும் மம்மியும் போயிட்டு வாங்க டாடி. காடு கப்சிப்புன்னு இருக்கும். இவ சந்தடியில தூங்குற புள்ள."

"அவளுக்காகத்தாம்மா காடே."

"அப்ப ஒரு மத்தியானம் வீட்ல சத்தமே இல்லாம வையி. அவ தூங்கிட்டா நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஃபேன் நின்றது. டிவி நின்றது. பக்கத்து வீட்டு மிக்சியைக் கெஞ்சி நிறுத்தினார். பின்பக்கத் தண்டவாளத்தில் ரயிலும் போய் ஓய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்தாள். பச்சை உடுப்பில் மூச்சுவிடாமல் நிற்கிற இரண்டு பேரைப் பார்த்தாள். வீறிட்டாள்.

தோளில் போட்டாலும் அழுகை, தொட்டிலில் விட்டாலும் அழுகை.

"பாத்தியா?" என்றாள் ஹெலன்.

ஹெர்பர்ட் பேத்தியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வரவில்லை என்று சொல்ல ஸ்பீக்கரில் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டார்.

கோவிந்தப்பாவின் குரலுக்கு முன்னால் காடு வந்தது. ஊர்ப்பட்ட சில்வண்டுகள் சேர்ந்து இரும்பு அறுக்கிற இரைச்சல். குழந்தையின் வாய் திறந்தபடி நின்றது. அழுகை வரவில்லை. கண் சொருகியது.

"இன்னா சத்தம் அது?" ஹெர்பர்ட் ரகசியமாகக் கேட்டார்.

"சில்வண்டு சார். அதுங்களை நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"அதுங்க கத்தலாம், நாங்க மட்டும் பேசக்கூடாதா?"

"ஆமா சார். எதுக்குக் கூப்ட்டீங்க?"

"நீ பேசாத. போனை அப்பிடியே மரத்துப் பக்கம் காட்டு."

"சார், என்கூட வந்தவங்க முன்னால போயிட்டாங்க. இருவாச்சி வந்துருச்சாம்."

"அவங்க பாத்துப்பாங்க. இங்க புள்ள தூங்குது."

கோவிந்தப்பா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார் போலிருக்கிறது, இரைச்சல் இன்னும் கூடியது. ஹெலன் கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்தாள். பிறகு ஊருக்குத் துணி எடுத்து வைக்கப் பீரோவைத் திறந்தாள்.

"டாடி, அங்க கொசுவலை தருவாங்களான்னு கேளு."

"இப்ப எப்பிடிக் கேக்குறது?" என்றார் ஹெர்பர்ட். "அவர் வாயத் தொறக்கக் கூடாதே."