மாஸ்கோ ரசலையன் மகளைப் படிக்க அனுப்பிய கதை

அருமனை சந்திப்பில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைகள் பல உண்டு. ஷீட்டுக்கு விலையோடு உலக அரசியலும் சேர்த்துக் கொடுக்கும் கடை ரசலையனுடையது மட்டும்தான். விலை இறங்கிப் போச்சே என்று முகம் வாடி நிற்கும் தோட்டக்காரரிடம் மற்ற வியாபாரிகள், மேலிருந்து அப்படித்தான் வருகிறது என்று கையை விரிப்பார்கள். ரசலையன் கையை விரிக்கிற ஆள் இல்லை. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் செயற்கை ரப்பர் மலிவாகும், அது மலிந்தால் நம் ரப்பரைச் சீந்த ஆளிருக்காது, எண்ணெயை இறக்குவது அமெரிக்கா, இறக்குவது ரஷ்யாவை முடக்க, அந்தப் பகை தொடங்கியதோ இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு என்று, ஷீட்டைத் தராசில் வைத்துக்கொண்டே பெர்லின் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தோட்டக்காரர் பெர்லினிலிருந்து திரும்பி வருவதற்குள் எடை போட்டு முடிந்திருக்கும். ஊர் அவருக்கு 'மாஸ்கோ ரசலையன்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இத்தனைக்கும் அவரை வளர்த்தது அமெரிக்கா. அறுபதுகளின் கடைசியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் போட்ட கோதுமை உப்புமா அங்கிருந்து வந்ததுதான். கோதுமை வந்த சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். காலிச் சாக்கைக் கேட்டு வாங்கி அவருடைய அம்மா அதில் நிக்கர் தைத்தாள். இரு நாட்டு நட்புறவு சரியாகப் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பாடப் புத்தகங்களுக்கு அட்டையோ ரஷ்யாவின் உபயம். டிராக்டர் மேல் உட்கார்ந்து பெண்கள் சிரிக்கும் வழவழப்பான சோவியத் பத்திரிகைத் தாள் பழைய பேப்பர் கடையில் கிடைக்கும். அந்தப் பெண்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கணக்குப் பாடம் முழுக்க யோசித்துத்தான் பையனுக்கு அரசியல் பிடித்தது. வயிற்றுக்கும் இடுப்புக்கும் அமெரிக்கா, மண்டைக்கு ரஷ்யா என்று வல்லரசுகள் அவரைப் பங்கு போட்டுக்கொண்டன. உலகம் முழுக்க அன்றைக்கு இதுதான் நடந்தது. பல ஊர்களில் குண்டு விழுந்தது, அருமனையில் உப்புமா விழுந்தது.

வங்கதேசப் போரின்போது அமெரிக்கக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்தது, பின்னாலேயே நமக்குத் துணையாக சோவியத் கப்பல்களும் வந்தன. அன்றைக்கே அவர் கட்சியை முடிவு செய்துவிட்டார். தின்ற உப்புமா செரித்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை கர்த்தருக்கு, மற்ற நேரமெல்லாம் மாஸ்கோவுக்கு என்று வாழ்க்கையை வகுத்துக்கொண்டார். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ஊரில் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம்கூட அவர் அசரவில்லை.

"ஒண்ணும் ஒடையல. போர்டு மாத்தி எழுதியிருக்கான். எல்லாம் ஒரே நாடுதான்" என்றார்.

எதிர்முகாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவி பூங்கனியின் தம்பி யூஜின் குவைத்தில் வெல்டராக இருந்தவர். ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது பாலைவனம் தாண்டி ஜோர்டானுக்குப் போய், அங்கிருந்து இந்திய விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார். ஏற்றிக்கொண்டு வந்தது இந்தியா, நன்றி மட்டும் அமெரிக்காவுக்கு. ஏனென்றால் பிறகு ஈராக்கை விரட்டி அவருடைய வெல்டிங் வேலையைத் திரும்ப வாங்கித் தந்தது அமெரிக்காதானாம். அமெரிக்கா அவ்வளவு தூரம் வந்தது எண்ணெய்க்காக என்று அத்தான் சொன்னால் யூஜினுக்குச் சோறு இறங்காது.

கிறிஸ்துமஸ் விருந்தில் இலை போட்டதும் பனிப்போர் தொடங்கும்.

"அத்தான், ரஷ்யாக்காரன் ஆப்கானிஸ்தானுக்குள்ள போனதுக்கு என்ன பேரு?"

"அவங்க கூப்பிட்டாங்க, போனான். அவன வெரட்ட துப்பாக்கி குடுத்து ஆள் வளத்தது யாரு? அந்தத் துப்பாக்கிதானே பின்னால உனக்க அமெரிக்காவயே திருப்பிச் சுட்டது?"

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. இருவருக்கும் நியாயம் இதுதான், மாமியார் மட்டும் வேறு வேறு.

இந்த இரண்டு வல்லரசுகளுக்கும் நடுவில் ரசலையனின் ஒரே மகள் ஜெப்சி வளர்ந்தாள். டாக்டராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நீட் மதிப்பெண்ணுக்கு அரசு கல்லூரி கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிப் பக்கம் ரப்பர் வியாபாரி எட்டிப் பார்க்க முடியாது. மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜெண்ட் பிலிப்பைன்ஸையும் உக்ரைனையும் மேசைமேல் வைத்தார். யூஜின் பிலிப்பைன்ஸ் என்றார். அங்கே அமெரிக்க முறைப் படிப்பு, ஆங்கிலம் பேசுவார்கள். அவர் வாய் திறந்தபோதே பிலிப்பைன்ஸின் கதை முடிந்தது. ஏஜெண்ட் கார்கிவ் என்றதும் ரசலையனின் முகம் மலர்ந்தது.

"கார்கிவ் சோவியத் உக்ரைனுக்க பழைய தலைநகரம்லா!"

ஜெப்சி போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த நாட்டுல கெழக்குப் பக்கம் ரஷ்யா ஆளுகளோட சண்டை நடக்குன்னு கெடக்கு" என்றாள்.

"அது அண்ணன் தம்பி சண்டை மக்களே. எல்லாம் ஒரே நாடுதான், பேருதான் மாறியிருக்கு."

ஒரு மருத்துவக் கல்லூரியை இப்படியும் தேர்ந்தெடுக்கலாம். மைத்துனன் கிழக்கே போ என்றால் மேற்கே போக வேண்டும், அவ்வளவுதான். புறப்படுவதற்கு முன் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். போதகர் ஐயா, ரஷ்ய தேசம் செல்லும் இந்த மகளைக் காத்தருளும் என்று உருக்கமாக மன்றாடினார். ரசலையன் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆமென் சொன்ன யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

அவள் மூன்றாம் ஆண்டு படிக்கையில் போர் வந்தது. கார்கிவ் நகரம் தரைக்கடியில் போய்ப் பதுங்கியது. ஜெப்சியும் ஒரு மெட்ரோ நிலையத்தின் தரையில், போர்வையும் பிஸ்கட்டுமாகக் கிடந்தாள். போனில் சார்ஜ் இருக்கும்போது, நல்லா இருக்கேன் என்று ஒரு செய்தி வரும். சபையில் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். வீடு நிறைய ஆள். ரசலையனும் யூஜினும் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு நாற்காலியில் அமர்ந்து போரை நடத்தினார்கள்.

"ஜெர்மனி ஒண்ணா சேர்ந்த நேரத்துல, கெழக்க ஒரு அங்குலம் வரமாட்டோம்னு அமெரிக்காக்காரனுவ வாக்குக் குடுத்தானுவ. இப்போ நேட்டோவ வாசல்ல கொண்டாந்து கெட்டியாச்சு. பின்ன அவன் சும்மா இருப்பானா?" என்றார் ரசலையன்.

"அணுகுண்ட எல்லாம் குடுத்துருங்க, எல்லைய தொடமாட்டோம்னு உக்ரைனுக்கு ரஷ்யாக்காரன் கையெழுத்து போட்டானே, அது என்ன வாக்கு அத்தான்?" என்றார் யூஜின்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுதான் எரிச்சல். பழைய பகைக்கு யாரும் கருமாதி செய்யவில்லை, அது எழுந்து வந்து வேலையைக் காட்டுகிறது என்பது அருமனையில் இருந்து பார்த்தாலே தெரிந்தது. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதுபோல் செய்திச் சேனல்களும் பீரங்கிச் சத்தத்துக்குப் பின்னணி இசை போட்டுக்கொண்டிருந்தன. பூங்கனி வந்து தொலைக்காட்சியை அணைத்தாள்.

"எனக்க பிள்ளைக்கு அங்க குடிக்க தண்ணி இருக்கான்னு ஒங்க ரெண்டு பேருல யாருக்காவது தெரியுமா?"

இரண்டு வல்லரசுகளுக்கும் தெரியவில்லை.

ஜெப்சி நடந்தும், நின்றுகொண்டே ரயிலில் வந்தும், போலந்து எல்லையில் பனியில் காத்துக் கிடந்தும் ஒருவழியாக வீடு சேர்ந்தாள். கோயிலில் தோத்திர ஆராதனை நடந்தது. சாட்சி சொல்ல எழுந்த ரசலையன், ரஷ்யா பெரிய மனதோடு வழி விட்டதால்தான் நம் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெப்சி தலை நிமிரவில்லை.

அதன் பிறகு அவள் படிப்பு அந்தரத்தில் நின்றது. ஆன்லைன் வகுப்பில் எத்தனை நாளைக்குத்தான் அறுவை சிகிச்சை படிப்பது? ஒரு சாயங்காலம் ரசலையன் நல்ல சேதியோடு வந்தார். பாதியில் வந்தவர்களை ரஷ்யாவில் சேர்த்துக்கொள்கிறார்கள், அதே பாடம், அதே மொழி. காப்பி குடித்துக்கொண்டிருந்த யூஜின் உடனே ஜார்ஜியா என்றார். அது அமெரிக்கா பக்கம் சாய்ந்த நாடு. அந்த ஜார்ஜியாவுக்குள்ளேயும் ரஷ்யப் படை இருக்கிறது என்று அத்தான் சிரித்தார். அங்கே அது யாரைக் கேட்டுப் போயிற்று என்று மைத்துனர் எகிறினார். சேதி ஜெப்சியை விட்டுவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்துக்குப் போய்விட்டது.

"நான் கொஞ்சம் பேசட்டுமா?" என்றாள் ஜெப்சி. இருவரும் நிறுத்தினார்கள்.

"எனக்க ஹாஸ்டல் வார்டன் லூதா அம்மாவும் மெட்ரோவுல எங்கூடதான் கெடந்தாங்க. அவங்க பேசுதது ரஷ்ய மொழிதான். அவங்க கூடப்பெறந்த அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவுல இருக்கு. குண்டு போடுதாங்கன்னு இவங்க போன்ல அழுதா, எங்க ஆளு அப்படிச் செய்ய மாட்டான், நீ பொய் சொல்லுதன்னு அக்கா போன வச்சிட்டு. அப்போ அவங்க எங்கிட்ட, நீ ஏம்மா இந்த நாட்டுக்குப் படிக்க வந்தேன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், எல்லாம் ஒரே நாடுதான், பேருதான் மாறியிருக்குன்னு எங்க அப்பா சொன்னாருன்னு."

ரசலையன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு அவங்க, ஒங்க அப்பா சொல்லுதத சொல்லிட்டுதான் மேல இருந்து குண்டு போடுதாங்கன்னு சொன்னாங்க. இருந்த ரொட்டிய பிச்சு எனக்கு பாதி தந்தாங்க. மாமா, நீங்களும் கேளுங்க. ஒங்க ரெண்டு பேருக்க கதையிலயும் அமெரிக்கா இருக்கு, ரஷ்யா இருக்கு. அவங்க எங்கயும் இல்ல. இப்போ நானும் இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். மகளைத் தரைக்கடியில் கிடத்தியது நேட்டோவும் இல்லை, மாஸ்கோவும் இல்லை, தன் வாய்தான் என்று, உலகத்தில் எந்தச் சண்டைக்கும் விளக்கம் வைத்திருந்த ரசலையனுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. மறுநாள் கடைக்குப் போகும் முன் மகளிடம் வந்து நின்றார்.

"நீ எங்க படிக்கணும் மக்களே? நீயே சொல்லு."

"உக்ரைன்லயேதான்பா. எங்க காலேஜ் மேற்க ஒரு ஊர்ல கிளாஸ் நடத்துது. போலந்துல எறங்கி பஸ்ல போகலாம். குண்டு விழாதுன்னு சொல்ல முடியாது. ஆனா ரஷ்யாவுக்கு நான் போகமாட்டேன், வேற எங்க போனாலும் முதல்ல இருந்து தொடங்கணும்."

மாட்டேன் என்று சொல்ல அவரிடம் ஆயிரம் காரணம் இருந்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கும்தான்" என்றாள் ஜெப்சி.

மறுபடியும் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். ரஷ்யாவுக்குத்தானே என்று போதகர் ஐயா கேட்டதற்கு, "உக்ரைன் ஐயா, அது வேற நாடு" என்று ரசலையன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பூங்கனி அழுதபடி புளிக்குழம்புப் பொடியைப் பொட்டலம் கட்டினாள். யூஜினின் காரில் திருவனந்தபுரம் போய் அவளை விமானம் ஏற்றினார்கள்.

திரும்பும் வழியில் பின்சீட்டில் பூங்கனி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். முன்னால் இரு மைத்துனர்களும் நெய்யாற்றின்கரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் ஓட்டிப் பழக்கமில்லாத யூஜின் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அத்தான், ஏவுகணைய வானத்துலயே மறிக்குத சாமான் ஒண்ணு அமெரிக்கா உக்ரைனுக்குக் குடுக்கானாம்."

வழக்கமான பதிலடிக்கு அவர் தயாராக இருந்தார். ரசலையன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அது நம்ம பிள்ள படிக்குத ஊருக்கு வந்து சேருமா யூஜினே?"

யூஜினுக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. கார் களியக்காவிளையைத் தாண்டியபோது மாஸ்கோ ரசலையன் கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பி, அமெரிக்க ஏவுகணைக்காக வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்.